மோதல் இல்லாத கணக்கில் சிதறல் கோட்பாடு எங்கே உடைகிறது: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் கூடும் முதுகலை இயற்பியல் படிப்பு வட்டம் ஒன்றில் கொடுக்கப்பட்ட பயிற்சிக் கணக்குதான் இந்த ஆய்வின் பொருள். பார்வைக்குச் சாதுவான கணக்கு. ஓர் இடப் பரிமாணம், ஒரு காலப் பரிமாணம். பிளாங்க் மாறிலியும் ஒளிவேகமும் 1. நிறை 1 உள்ள ஸ்கேலார் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையில்லாத ஒரே அளவு) ஒன்று. அதன் ஹாமில்டோனியனோடு (ஆற்றல் செயலியோடு) புலத்தின் வர்க்கத்தை 3/2-ஆல் பெருக்கிச் சேர்க்கிறோம். நிறையின் வர்க்கம் 1 + 3 = 4 ஆகிறது; நிறை 2. முன்பும் சுதந்திரப் புலம், பின்பும் சுதந்திரப் புலம். எதுவும் எதோடும் மோதவில்லை. சேர்த்த பகுதியை ‘இடைவினை’ என்று வைத்துக்கொண்டு, பாடப்புத்தக வழியில் சிதறல் அணியை, அதாவது உள்ளே வரும் துகள் நிலைகளை வெளியே போகும் நிலைகளோடு இணைக்கும் அணியைக் கண்டுபிடி என்பது கேள்வி. விடை 1 (வந்தது வந்தபடியே போகும்) என்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

வந்த தாள்களில் இரண்டு ஆய்வுக்கு உரியவை. முதல் தாள், பழைய வெற்றிடத்துக்கும் (துகளே இல்லாத தரைநிலைக்கும்) புதிய வெற்றிடத்துக்கும் இடையிலான ஓவர்லாப் (இரண்டும் பொருந்தும் அளவு) பூஜ்யம் என்று கணினியில் காட்டி, ‘ஹாக் தேற்றம் சரிபார்க்கப்பட்டது’ என்று முடித்திருந்தது. எல்லையில்லா வெளியில் இத்தகைய இரண்டு புலங்களை யூனிட்டரி மாற்றத்தால் (நிகழ்தகவுகளைக் காக்கும் மாற்றத்தால்) இணைக்க முடியாது என்பது அந்தத் தேற்றம்; விவரம் கீழே. இரண்டாம் தாள், குலைவுத் தொடரை (இடைவினையின் அடுக்குகளில் விரித்த தொடரை) கூட்டி, வெளிக்கால்களை (வரும், போகும் துகள்களைக் குறிக்கும் கோடுகளை) வெட்டிப் பார்த்தபோது சிதறல் அணியே பூஜ்யம் என்று முடித்திருந்தது. “மோதலே இல்லையேக்கா, அப்புறம் பூஜ்யம் எங்கேர்ந்து வருது?” என்று வட்டத்தில் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு பூஜ்யங்களுக்கும் காரணம் வேறு வேறு. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ‘ஹாக் தேற்றம்’ என்ற ஒரே பெயரில் கட்டிவிடுவதுதான் குழப்பத்தின் வேர்.

முதல் தாள்: ஓவர்லாப்

கணக்கின் படிகள் இவை. நீளம் ‘ல’ உள்ள பெட்டி, எல்லை சுற்றி வந்து சேருகிறது. அலை எண் க = 2π × முழு எண் ÷ ல. ஒவ்வொரு க-வுக்கும் ஓர் அதிர்வி. முதல் புலத்தில் அதன் அதிர்வெண் அ = √(க² + 1), இரண்டாவதில் ஆ = √(க² + 4). ஓர் அதிர்வியின் இரண்டு தரைநிலைகளும் பொருந்தும் நிகழ்தகவு 2√(அஆ) ÷ (அ + ஆ). காஸியன் தொகையீட்டை ஒருமுறை போட்டுப் பார்த்தால் வந்துவிடும். க = 0 எனில் இது 0.943, மிக நல்ல பொருத்தம். க ஏற ஏற 1-ஐ நெருங்குகிறது. முழு வெற்றிடத்துக்கு இவை எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

பெருக்கலை மடக்கையின் கூட்டலாக்கி, கூட்டலைத் தொகையீடாக்கினால், நிகழ்தகவு = எக்ஸ்ப்(−0.021 × ல). நீளம் 10-க்கு 0.81. நீளம் 100-க்கு 0.12. 1,000-க்கு ஏறத்தாழ 8 × 10⁻¹⁰. 10,000-க்கு 10⁻⁹¹ அளவு.

முதல் தாளில் நீளம் 40,000 எடுக்கப்பட்டிருந்தது. கணினி 0 என்று அச்சிட்டது. உண்மை விடை 10⁻³⁶⁴ அளவு. இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 5 × 10⁻³²⁴-க்குக் கீழே எதுவும் நிற்காது, பூஜ்யமாகிவிடும். ஆக அந்தப் பூஜ்யம் கணினியுடையது, ஹாக்குடையது அல்ல. பெட்டிக்கு எல்லை இருக்கும்வரை ஓவர்லாப் பூஜ்யமே ஆகாது. அங்கே இரண்டு ஃபாக் வெளிகளும் (வெற்றிடத்தின் மேல் துகள்களைச் சேர்த்துக் கட்டும் நிலைவெளிகளும்) யூனிட்டரி மாற்றத்தால் ஒன்றையொன்று அடையக்கூடியவை. பெருக்கலைச் செய்யாமல் மடக்கைகளைக் கூட்டி, கடைசியில் அடுக்கை மட்டும் அச்சிட்டால் இந்த மாயப் பூஜ்யம் வராது. இன்னொரு தாளில் அடுக்கு 0.0105 என்று வந்தது. க-வின் எதிர்ம மதிப்புகளை விட்டுவிட்டால் சரியாகப் பாதி வரும். 

பெரிய க-வில் என்ன நடக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ‘எல்லாம் புற ஊதாத் தொல்லை’ (பெரிய உந்தங்களால் வரும் விரிவு) என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. க பெரிதாகும்போது மடக்கைப் பகுதி க⁻⁴ வேகத்தில் குறைகிறது. ஒரு பரிமாணத்தில் தொகையீடு சட்டென்று குவிகிறது. மூன்று இடப் பரிமாணத்தில் க² கூடுதலாக வந்தாலும் குவிகிறது. நான்கில்தான் மடக்கை வேகத்தில் விரியத் தொடங்கும். நம் உலகின் மூன்று பரிமாணத்தில் இந்தக் கணக்கைப் பொறுத்தவரை புற ஊதாத் தொல்லையே கிடையாது. பூஜ்யத்துக்கு இழுப்பது கனஅளவு மட்டும். அங்கே அடுக்கு −0.0073 × கனஅளவு. நிறை 1 என்பதைப் பையானின் நிறை, அதாவது 139.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்று எடுத்தால், நீள அலகு 1.41 ஃபெர்மி. பக்கம் 20 அலகு உள்ள கனசதுரம் 28 ஃபெர்மி, யுரேனிய அணுக்கருவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதற்குள்ளேயே ஓவர்லாப் 10⁻²⁵ ஆகிவிடுகிறது. எல்லையில்லா வெளி என்பது தத்துவ வாதத்துக்காகப் போட்ட கற்பனை என்று ஒதுக்க முடியாது; அணுக்கரு அளவிலேயே அது வேலையைக் காட்டுகிறது.

வெற்றிட ஆற்றல் தனிக் கதை. இரண்டு தரைநிலை ஆற்றல்களின் வேறுபாட்டை அப்படியே கூட்டினால், ஒரு பரிமாணத்தில்கூடப் பெரிய க-வில் மடக்கை வேகத்தில் விரிகிறது. பழைய நிறையைக் கொண்டு சீர்வரிசைப்படுத்தினால் (துகளை ஆக்கும் செயலிகளை இடப்பக்கமும் அழிக்கும் செயலிகளை வலப்பக்கமும் வைத்தால்) அந்த விரிவு போய், அலகு நீளத்துக்கு (3 − 4 × மடக்கை 4) ÷ 8π = −0.101 மிஞ்சும். ஓவர்லாப் நன்றாக இருக்க, ஆற்றல் விரிவதும் உண்டு. ஆற்றலைச் சரிசெய்த பிறகும் ஓவர்லாப் பூஜ்யத்துக்குப் போவதும் உண்டு. ஒன்றைக் கட்டினால் மற்றது அடங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது.

தேற்றம் உண்மையில் சொல்வது

ருடால்ஃப் ஹாக் 1955-இல் வெளியிட்டதை ஹாலும் வைட்மனும் 1957-இல் பொதுமைப்படுத்தினார்கள். நம் கணக்குக்கு அதன் சாரம் நான்கு வரிதான். ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு புலங்களும் அவற்றின் துணை உந்தங்களும் ஒரு யூனிட்டரி மாற்றத்தால் இணைக்கப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடப்பெயர்ச்சிச் சமச்சீர் உண்டு. இடப்பெயர்ச்சியில் மாறாத நிலை ஒவ்வொன்றிலும் வெற்றிடம் ஒன்றே. அப்படியானால் அந்த மாற்றம் ஒரு வெற்றிடத்தை மற்றதன் மேல் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். வைத்தால் ஒரே நேர இருபுள்ளிச் சார்புகள் சமமாக வேண்டும். ஆனால் அவை 1 ÷ 2அ, 1 ÷ 2ஆ; க = 0-இல் ½, ¼. முரண்பாடு. ஆக அத்தகைய யூனிட்டரி மாற்றம் இல்லை. இடைவினைப் படம் என்று பாடத்தில் எழுதும் கால நகர்வுச் செயலி, எல்லையில்லா வெளியில், எழுத்தில் மட்டும் இருக்கிறது.

பொதுத் தேற்றம் இதைவிடக் கடுமையானது: சார்பியல் சமச்சீரும் சேர்ந்தால் முதல் நான்கு வெற்றிட எதிர்பார்ப்புச் சார்புகளும் ஒன்றாகிவிடும், ஒரு பக்கம் சுதந்திரப் புலம் என்றால் மறுபக்கமும் அதே நிறையுள்ள சுதந்திரப் புலமாகவே இருந்தாக வேண்டும். ‘குவாண்டம் புலக் கோட்பாடு முரணானது’ என்று தேற்றம் எங்கும் சொல்லவில்லை. சுதந்திரப் புலத்தின் ஃபாக் வெளியில் உட்கார்ந்துகொண்டு இடைவினைப் புலத்தைக் கட்டாதே என்றுதான் சொல்கிறது.

இரண்டாம் தாள்: வெட்டிய கால்களும் தவறான நிறையும்

இந்தத் தாளின் பிழை அதிகப் பயன் தருவது. மோதல் உள்ள கணக்குகளிலும் அப்படியே வரும். மாணவர் முதலில் பரவியை (துகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வீச்சை) தொடராக எழுதினார். யூக்ளிடிய உந்த வர்க்கம் ‘உ’ என்றால், அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் −3 ÷ (உ + 1). கூட்டினால் 1 ÷ (உ + 4). விடை சரி. வழி? உ என்பது 2-க்குக் கீழே போனால் விகிதத்தின் அளவு 1-ஐத் தாண்டுகிறது, தொடர் விரிகிறது. எல்லா உந்தத்திலும் குவிய வேண்டுமானால் நிறை வர்க்கத்தில் கூட்டுவது 1-க்குக் கீழே, அதாவது புதிய நிறை √2-க்குக் கீழே இருக்க வேண்டும். நிறையை 1.2 ஆக்கிக் கணக்கைத் திரும்பப் போட்டால் தொடர் ஒழுங்காகக் குவியும். அப்போதும் ஓவர்லாப் கனஅளவோடு பூஜ்யத்துக்குப் போகத்தான் செய்யும். தொடரின் குவிதல் வேறு, ஹாக் தேற்றம் வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

பிறகு வெளிக்கால் வெட்டுதல். லேமன், ஸிமான்ஸிக், ஸிம்மர்மன் மூவரும் 1955-இல் தந்த விதிப்படி, ஒவ்வொரு வெளிக்காலையும் (உந்த வர்க்கம் − நிறை வர்க்கம்) என்பதால் பெருக்கி, உந்த வர்க்கத்தை நிறை வர்க்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாணவர் போட்ட நிறை 1, ஹாமில்டோனியனின் ‘சுதந்திர’ப் பகுதியில் எழுதியிருந்தது. பரவியின் துருவமோ (அது எல்லையிலியாகும் இடமோ) 4-இல். எனவே (1 − 1) ÷ (1 − 4) = 0. நிறை 2-ஐப் போட்டால் எச்சம் (துருவத்தில் மிஞ்சும் கெழு) 1. சிதறல் அணி 1. பிழை இருந்தது ஒரே ஓர் எண்ணில்.

இதையே கால மொழியில் பார்க்கலாம். மோதலுக்கு வெகுமுன்பும் வெகுபின்பும் துகள் சுதந்திரமாகப் போகிறது என்பது சரி. ஆனால் எந்த நிறையோடு? உந்தம் 1.5 உள்ள துகளின் உண்மை ஆற்றல் √(2.25 + 4) = 2.5. ஒப்பிடப் போட்ட இயக்கத்தில் √3.25 = 1.803. கட்ட வேறுபாடு நேரத்துக்கு 0.697 வீதம் சுழன்றுகொண்டே இருக்கும். 9 அலகு நேரத்துக்கு ஒரு சுற்று. நேரத்தை எல்லையிலிக்குத் தள்ளினால் இது எங்கும் நிற்காது. பெட்டியைப் பெரிதாக்குவதோ பெரிய உந்தங்களை வெட்டுவதோ இதற்கு மருந்தாகாது. நிறைச் சீரமைப்பு என்பது விரிவுகளைத் துடைக்கும் தந்திரம் என்று மட்டும் கற்பிக்கப்படுவது வருந்தத்தக்கது. எதுவுமே விரியாத இந்தக் கணக்கிலும் அது தேவைப்படுகிறது.

மோதல் உள்ள கணக்கில் எச்சம் 1-ஆக இருக்காது. இரண்டு துகள் வந்து இரண்டு துகள் போகும் கணக்கில் நான்கு கால்கள். ஒவ்வொன்றுக்கும் எச்சத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மறந்தால் வீச்சு எச்சத்தின் வர்க்க மடங்காகவும், குறுக்கு வெட்டுப் பரப்பு நான்காம் அடுக்கு மடங்காகவும் தவறும். எச்சம் 0.9 என்றால் வரும் விடை உண்மையில் 0.656 பங்குதான்.

அப்படியானால் பாடப்புத்தக வழி ஏன் பலிக்கிறது? பெட்டியும் உந்த வரம்பும் இருக்கும்போது இடைவினைப் படம் நேர்மையானது. கெல்-மன், லோ இருவரின் 1951 சூத்திரம் ஒரு விகிதம்: மேலே புலங்களோடு, கீழே புலங்கள் இல்லாமல். பெட்டி வளரும்போது மேலும் கீழும் தனித்தனியே கெட்டுப்போகின்றன. விகிதம் மட்டும் எல்லைக்குப் போய்ச் சேருகிறது. வெற்றிடக் குமிழி வரைபடங்கள் அடிபடுவது என்பது இதுதான். எல்லை எடுக்க வேண்டியது சார்புகளுக்கு. நிலைகளுக்கோ செயலிகளுக்கோ அல்ல. இந்த வரிசையை மாற்றிப் போடுபவர்கள் ஹாக்கிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

திருத்தம்: ஹாக்–ருயெல் வழி

ஹாக் 1958-இலும் டேவிட் ருயெல் 1962-இலும் தந்த கட்டுமானத்தில் சுதந்திர ஹாமில்டோனியன் என்ற சொல்லே வராது. வேண்டியவை: வைட்மன் அடிகோள்கள் (குவாண்டம் புலத்துக்கான அடிப்படை விதிகள்), வெற்றிடத்துக்கு மேலே நிறை இடைவெளி, ஒரு துகள் நிறைத்தளம் (ஆற்றல் வர்க்கம் − உந்த வர்க்கம் = நிறை வர்க்கம் என்ற பரப்பு) மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனித்து நிற்பது. நம் கணக்கில் ஒரு துகளின் நிறை வர்க்கம் 4. இரண்டு துகள் தொடர்ச்சி 16-இல் தொடங்குகிறது. எனவே ஆற்றல்–உந்தத் தளத்தில், நேர்ம ஆற்றல் பக்கம், நிறை வர்க்கம் 2-க்கும் 10-க்கும் நடுவே மட்டும் பூஜ்யமல்லாத சோதனைச் சார்பைத் தேர்ந்து, அதனால் புலத்தைப் பூசுகிறோம் (அதை எடையாக வைத்துத் தொகையிடுகிறோம்). அந்தச் செயலி வெற்றிடத்தின் மேல் பட்டால் ஒரு துகள் நிலை மட்டுமே பிறக்கும்.

அடுத்து அலைப்பொதி. நிறை 2 உள்ள கிளைன்–கோர்டன் சமன்பாட்டின் நேர்ம ஆற்றல் தீர்வு. உந்தம் 1 முதல் 2 வரை, நடுவில் 1.5. வேகங்கள் 0.447 முதல் 0.707 வரை, நடுவேகம் 0.6. எதிர்ப்பக்கம் இதன் பிரதி. பூசிய செயலியை இந்தப் பொதியோடு நேரம் ‘ந’-இல் தொகையிட்டு, இரண்டு பொதிகளுக்கும் அடுத்தடுத்து வெற்றிடத்தின் மேல் செலுத்துகிறோம். கிடைக்கும் நிலைக்கு நேரம் எல்லையிலியை நெருங்கும்போது எல்லை இருக்கிறது என்று காட்டுவதே தேற்றம். குக் 1957-இல் குவாண்டம் இயக்கவியலுக்குச் செய்த வழியேதான்: நிலையின் கால வகைக்கெழுவின் நீளத்தைத் தொகையிடு, தொகை முடிவுள்ளதாக இருந்தால் எல்லை உண்டு.

வகைக்கெழு ஏன் சிறிதாகிறது? ஒரு துகள் நிலை நேரத்தோடு மாறுவதே இல்லை, ஆகவே தனிப் பொதியின் பங்கு பூஜ்யம். மிஞ்சுவது இரண்டு பொதிகளும் சேர்ந்து வரும் பகுதி. நிறை இடைவெளி இருப்பதால் தூரத்தோடு அது அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது. மேலே சொன்ன பொதிகளின் இடைவெளி நேரத்துக்குக் குறைந்தது 0.894 வீதம் வளர்கிறது. மூன்று இடப் பரிமாணத்தில் வேகங்கள் கலந்திருந்தாலும் பொதிகள் பரவுவதாலேயே வகைக்கெழு ந-வின் −3/2 அடுக்கில் குறையும், தொகையிடலாம். ஒரு பரிமாணத்தில் பரவல் தருவது −1/2 அடுக்கு மட்டும், தொகை விரியும். கொருக்குப்பேட்டையில் ஒரே தண்டவாளத்தில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு ரயில்கள் எத்தனை மணி நேரம் ஓடினாலும் விலகாததுபோல. அதனால் ஒரு பரிமாணத்தில் வேக வரம்புகள் ஒன்றையொன்று தொடாத பொதிகளை மட்டுமே எடுக்க வேண்டும். அவற்றின் நேர்கூட்டல்களால் மற்ற நிலைகளை வேண்டிய அளவு நெருங்கலாம் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

கணினியில் செய்து பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. உந்த வரம்பைச் செவ்வக சன்னலால் வெட்டினால், பொதி இடத்தில் 1 ÷ தூரம் என்ற நீண்ட வாலோடு வரும்; தேய்வு போய்விடும். எக்ஸ்ப்(−1 ÷ (1 − வ²)) போன்ற, ஓரங்களில் எல்லா வகைக்கெழுக்களும் பூஜ்யமாகும் வளைவையே போட வேண்டும். இங்கே வ என்பது நடு உந்தத்திலிருந்து உள்ள விலகல் ÷ பாதி அகலம். காஸியன் போட்டால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன் உந்தம் எல்லாத் திசையிலும் கொஞ்சம் இருக்கிறது, வேகங்கள் கலந்துவிடும். மூன்றாவது, பொதிக்குத் தவறான நிறை: நிறை 1-ஐப் போட்டால் நடுவேகம் 0.6-க்குப் பதில் 0.832 ஆகும். இதைப் பிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரே ஒரு பொதியை வெற்றிடத்தின் மேல் செலுத்தி, நேரத்தை மாற்று. நிலை அசையக் கூடாது. அசைந்தால், அதுவும் 9 அலகு நேரத்துக்கு ஒரு சுற்று என்று அசைந்தால், இரண்டாம் தாளின் பிழையேதான்.

நம் புலம் சுதந்திரப் புலம் என்பதால் இரண்டு பொதிகளோடும் வகைக்கெழு சரியாகப் பூஜ்யம். உள்வரும் நிலையும் வெளிச்செல்லும் நிலையும் ஒன்று. சிதறல் அணி 1.

இதே படிவத்தை மோதல் உள்ள ஒரு கோட்பாட்டின் மேல் வைக்க, முதலில் அந்தக் கோட்பாடு இருக்க வேண்டும். இரண்டு பரிமாண வெளிநேரத்தில் புலத்தின் நான்காம் அடுக்கு சேர்ந்த கோட்பாட்டை கிளிம், ஜாஃபே இருவரும் 1968 முதல் கட்டினார்கள். இணைப்பு எண் சிறிதாக இருக்கும்போது வைட்மன் அடிகோள்களும் நிறை இடைவெளியும் தனித்த நிறைத்தளமும் கிடைக்கும் என்பதை 1974-இல் ஸ்பென்சரோடு சேர்ந்து காட்டினார்கள். சிதறல் அணி 1 அல்ல என்பது ஓஸ்டர்வால்டரும் ஸெனியோரும் 1976-இல் தந்த முடிவு. நான்கு பரிமாணத்தில் அதே நான்காம் அடுக்கை லாட்டிஸிலிருந்து (புள்ளிக் கட்டத்திலிருந்து) எல்லை எடுத்தால் மிஞ்சுவது மோதலற்ற காஸியன் புலமே என்று ஐஸன்மனும் டுமினில்-கோபினும் 2021-இல் நிறுவினார்கள்.

அடுத்த பயிற்சிக்கு வட்டத்தில் சிலர் எலெக்ட்ரானையும் ஃபோட்டானையும் கேட்டார்கள். 1962-இல் தொடங்கி, இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் கழகம் போன்ற இடங்கள் நகரின் மறுமுனையில். வடசென்னையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு மாலையில் செய்யக்கூடிய கணக்கு அது அல்ல, ஆனால் தடை எந்தப் படியில் என்று சொல்லிவிடலாம். ஃபோட்டானுக்கு நிறை இல்லை, எனவே நிறை இடைவெளி இல்லை. எலெக்ட்ரானைச் சுற்றி எண்ணற்ற மென் (மிகக் குறைந்த ஆற்றலுள்ள) ஃபோட்டான்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதன் நிறைத்தளம் தொடர்ச்சியின் விளிம்பிலேயே கரைந்துபோகிறது. 2-க்கும் 10-க்கும் நடுவே என்று மேலே வெட்டியதுபோல இங்கே வெட்ட இடமே கிடையாது. காஸ் விதி இருக்கும்வரை மின்னூட்டமுள்ள துகளுக்குக் கூர்மையான நிறை அமையாது என்று புக்ஹோல்ட்ஸ் 1986-இல் காட்டினார். நிறையற்ற போஸான்கள் மட்டும் மோதும் கணக்குக்கு அவரே 1977-இல் வேறொரு கட்டுமானம் தந்திருக்கிறார். அதில் நிறை இடைவெளியின் இடத்தைப் பிடிப்பது, ஒளிக்கூம்பின் உள்ளேயும் வெளியேயும் புலங்களை வரிசை மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாத விதம்.